மாரிச் சேற்றில் சைக்கிளோட்டம்

துவிச்சக்கரவண்டி மனிதனைச் சுமப்பதற்காக ஆக்கப்பட்டது. மனிதன் துவிச்சக்கரவண்டியைத் தோளிலே சுமந்துகொண்டு மேட்டில் ஏறி ஓடுவதையும் தன் முறையான பகுதியாகக் கொண்ட போட்டி ஒன்று உண்டு என்றால், அதனைக் கேள்வியுறாத நேயர்கள் வியப்படையக்கூடும். பிரான்சிலே தோன்றி, பெல்ஜியத்திலே செழித்து, ஒல்லாந்து, இங்கிலாந்து, இத்தாலி, சுவிற்சர்லாந்து, அமெரிக்கா என்று பல நாடுகளிலும் பரவியுள்ள அப்போட்டிக்குச் சைக்ளோ குறொஸ் என்று பெயர். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி மக்கள் அதனைத் தம் மொழியிலே 'வயல்வெளிச் சவாரி' என்னும் பொருளுடைய சொல்லால் அழைப்பர். பெயருக்கேற்ப அது தெருவிலே நடைபெறுவதில்லை. புற்றரை, காட்டுப்பாதை, மணற்குழி, சேற்றுநிலம் ஆகியவற்றினூடே நடைபெறுவது. அதற்குரிய காலமும் செப்ரெம்பரில் தொடங்கிப் பெப்புருவரியளவில் முடிவது; அஃதாவது ஐரோப்பாவில் மழையும் பனியும் இருளும் மிகுந்த காலம். கிரிக்கெற், தெனிஸ் போன்ற விளையாட்டுகள் நல்ல தரையையும் நல்ல வானிலையையும் நாடி நிற்பன. இவ்விளையாட்டோ அவ்விரண்டும் இல்லாத இடத்தையும் காலத்தையும் தானே தேடிச் செல்கின்றது.

இவ்வழக்கம் எவ்வாறு எழுந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டானியேல் கூசோ என்னும் பிரெஞ்சுப் படைவீரர், குதிரைமீது காட்டுவழியே சவாரி செய்த தம் நண்பர்களுக்கு ஈடாகத் தாம் துவிச்சக்கரவண்டியிற் சென்று மகிழ்ந்தார் என்று சொல்லப்படுகின்றது. அவருடைய முயற்சியால் பிரான்சின் முதலாவது தேசியப் போட்டி 1902-ஆம் ஆண்டில் நடைபெற்றது. பெல்ஜியம் 1910-லும் சுவிற்சர்லாந்து 1912-லும் அவ்வழியைப் பின்பற்றின. 1910-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் புகழ்பெற்ற நெடுந்தூரப் போட்டியில் வென்ற ஒக்டாவ் லாப்பீஸ், தம் வெற்றிக்கு மாரிகாலத்திலே தாம் செய்த இக்காட்டுச் சவாரியே துணைநின்றது என்று கூறியதனால், தெருவோட்ட வீரர்களின் கண்ணும் இதன்மேற் சென்றது. அதற்கு நியாயமும் இருந்தது. கடுங்குளிர்க் காலத்தில் திறந்த தெருவிலே விரைந்து செல்பவனை எதிர்காற்று வாட்டும். மரங்களுக்கிடையே மெதுவாகச் செல்லும்போது காற்று குறைவு. இடையிடையே இறங்கி ஓடுவதனாற் பாதங்களிலும் சூடு தங்கும். ஆகவே, தெருவோட்டக்காரர் மாரியிலே உடலைச் சோரவிடாது காக்கும் பயிற்சியாகத் தொடங்கியது, நாளடைவில் தனக்கென வீரர்களும் இரசிகர்களும் உடைய தனி விளையாட்டாயிற்று.

உலகச் சம்பியன் போட்டி 1950-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் முதன்முதலாக நடைபெற்றது. 1947-இல் பிரான்ஸ் சுற்றுப்போட்டியை வென்ற ஜான் றொபிக் என்பவரே அதிலும் வென்றார். பின்னர் 1967 முதல் 1993 வரை, தொழில்முறை வீரர்களுக்கு ஒன்றும் அமெச்சூர் வீரர்களுக்கு ஒன்றுமாக இரு சம்பியன் போட்டிகள் வைக்கப்பட்டன. அந்த இரட்டை முறை முடிவதற்குச் சற்று முன்னர், 1992-ஆம் ஆண்டுப் போட்டி இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிலுள்ள லீட்ஸ் நகரில் நிகழ்ந்தது. ஜேர்மனியரான மைக் குலூகே தொழில்முறைப் பட்டத்தையும், இத்தாலியரான டானியேலே பொன்டோனி அமெச்சூர்ப் பட்டத்தையும் பெற்றனர். இளையோர் பட்டத்தை ஆங்கிலேயரான றொஜர் ஹாமண்ட் வென்றார். அதே லீட்ஸ் நகரிற் பிறந்த தொமஸ் பிட்கொக் 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே உலகச் சம்பியனானார். பெண்களுக்கான உலகச் சம்பியன் போட்டி 2000-ஆம் ஆண்டிலேதான் தொடங்கப்பட்டது. அத்தனை காலம் தாழ்த்தியதற்குத் தக்க காரணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

யோர்க்ஷயரைக் குறிப்பிட்டமைக்குக் காரணம் உண்டு. சம்பியன்களைப் பற்றிய செய்தி பத்திரிகைகளில் வந்துவிடும். அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூங்காக்களிலும் பாடசாலை மைதானங்களிலும் சேற்றிலே உழலும் நூற்றுக்கணக்கான அமெச்சூர் வீரர்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அமெச்சூர் என்பவர் ஊதியம் கருதாது விருப்பத்தின் பொருட்டு விளையாடுபவர். வாரத்தில் ஐந்து நாளும் கந்தோரிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்ப்பவர். தம் வண்டியைத் தாமே கழுவி, தாமே திருத்தி, நுழைவுக் கட்டணத்தையும் தாமே செலுத்துபவர். இங்கிலாந்தில் பகுதிதோறும் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் தொடர்போட்டிகள் உள்ளன. ஒவ்வொரு போட்டியிலும் பெறும் இடத்துக்குப் புள்ளிகள் உண்டு. தொடர் முடிவில் புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்துவர். இளையோர், பெண்கள், நாற்பது வயதைக் கடந்தோர் என்று பிரிவுகளும் உண்டு. செப்ரெம்பர் மாதத்து இளவெயிலில் தொடக்கக் கோட்டில் நின்றவர்களிற் பலர், ஜனவரி மாதத்துக் கடைசிப் போட்டிக்கு வருவதில்லை. வந்தவர் எவ்வாறு அந்த ஓட்டத்தை முடிக்கின்றார் என்பதே இங்கு விளக்கப்படும் பொருள்.

முதலிலே ஓட்டப்பாதையை அறிந்துகொள்வது நலம். அது வட்டமாக வளைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் பாதை. சர்வதேச விதிப்படி ஒரு சுற்று இரண்டரை முதல் மூன்றரைக் கிலோமீற்றர் வரை இருத்தல் வேண்டும். அகலம் 3 மீற்றருக்குக் குறையலாகாது. இருமருங்கும் நாடா கட்டப்பட்டிருக்கும். பாதையின் குறுக்கே 40 சென்ரிமீற்றர் உயரமுள்ள பலகைகள் சோடியாக நாட்டப்படும். படிக்கட்டு, செங்குத்தான கரை, மணற்பரப்பு முதலியன இடையிடையே வரும். இத்தனை சுற்று என்று முன்கூட்டியே வகுப்பதில்லை. இத்தனை நிமிடம் என்றுதான் வகுப்பர். முதற் சுற்றுகளுக்குச் சென்ற நேரத்தைக் கணித்து, எத்தனை சுற்றுகள் என்பதை மத்தியஸ்தர் பின்னர் அறிவிப்பார். உயர்தர ஆடவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடுவர். உள்ளூர் அமெச்சூர்ப் பிரிவுகளுக்குப் பெரும்பாலும் 40 முதல் 60 நிமிடம் வரை.

வண்டியைப் பார்த்தால் தெருவோட்ட வண்டிபோலவே வளைந்த கைபிடியோடு மெலிதாக இருக்கும். ஆனால் ரயர் சற்று அகலமானது; பிடிமானத்துக்காக முள்முள்ளாகக் குமிழ்கள் உடையது. சர்வதேசப் போட்டிகளில் அவ்வகலம் 33 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது. உள்ளூர்ப் போட்டிகளில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. மலைச் சைக்கிளோடு வருபவரையும் திருப்பியனுப்புவதில்லை.

இனிக் கடைசிப் போட்டி நாளைக் காண்போம். ஜனவரி மாதத்தில் யோர்க்ஷயரின் தாழ்நிலங்களிற் பகல் வெப்பநிலை சராசரியாக 6, 7 பாகை செல்சியஸ் அளவே. இரவில் அது நீர் உறையும் நிலையை அடுத்து நிற்கும். தெளிந்த இரவுகளில் அதற்குக் கீழும் இறங்கும். காலை எட்டு மணி கழிந்த பின்னரே சூரியன் உதிப்பான்; மாலை நான்கு மணியளவில் மறைந்துவிடுவான். மாதக்கணக்காகப் பெய்த மழையால் மண் நீரைக் குடித்து நிறைந்திருக்கும்.

சேறு என்றால் எல்லாம் ஒன்றே என்று நினைப்பவர் சேற்றில் இறங்காதவர். நெல்வயலை மிதித்து உழுதவர்களைக் கேட்டால் அதன் வகைகளைச் சொல்வார்கள். நீர் மிகுந்த சேறு காலை நனைக்கும்; ஒட்டாது வழிந்தோடும். சற்றே உலர்ந்து குயவன் கையிலுள்ள களிமண்ணின் பதத்துக்கு வந்த சேறுதான் கொடியது. அது சில்லிலே திரண்டு, புல்லையும் இலையையும் சேர்த்துக்கொண்டு, சில்லுக்கும் கவருக்கும் இடையிலுள்ள வெளியை அடைத்துவிடும். எட்டுக் கிலோகிராம் அளவுள்ள வண்டி, சில சுற்றுகளுக்குள் தூக்குபவர் தோளுக்கு நன்கு தெரியுமாறு கனத்துவிடும். பின்சில்லை அடுத்துள்ள பல்மாற்றிக் கருவியிலே புல் சிக்கிய நிலையில் பலங்கொண்டு மிதித்தால் அது முறிந்தே போகும். அத்துடன் அன்றைய ஓட்டம் முடிந்தது. தேர்ந்த வீரர்களுக்கு இதற்கு மாற்று உண்டு. பாதையோரத்தில் வண்டி மாற்றுமிடம் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அழுக்கான வண்டியை அங்கே எறிந்துவிட்டுச் சுத்தமான மற்றொன்றில் ஏறிச் செல்வர். அடுத்த முறை வருவதற்குள் உதவியாளர் முதல் வண்டியை நீர்ப்பீச்சியாற் கழுவி ஆயத்தமாக வைத்திருப்பார். ஒரே வண்டியோடு வந்த அமெச்சூருக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவர் மிதிப்பதைக் குறைத்து, ஒட்டும் இடத்தை விட்டு விளிம்பிலுள்ள புல்லை நாடி, சில இடங்களில் ஓட்டக்கூடியதாக இருந்தும் இறங்கித் தூக்கிக்கொண்டு ஓடுவார். பார்ப்பவருக்கு அது இயலாமைபோலத் தோன்றும். உண்மையில் அது வண்டியைக் கடைசிச் சுற்றுவரை உயிரோடு வைத்திருக்கும் சிக்கனம்.

உறைபனி வந்துவிட்டால் நிலைமை வேறு. முதல்நாள் ஈரமண்ணிற் பதிந்த சில்லுத் தடங்களும் காலடிக் குழிகளும் இரவிலே அவ்வாறே உறைந்து கல்லாகிவிடும். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு விரியும் இயல்புடையது. அதனால் மண் பொருமி, விளிம்புகள் கூர்மையாக எழுந்து நிற்கும். முன்சில்லு அத்தகைய தடமொன்றினுள் இறங்கிவிட்டால், தடம் போகும் வழியேதான் அதுவும் போகும். கைபிடியைத் திருப்பினால் வண்டி திரும்பாது, ஓட்டுபவரே வீழ்வார். காலையிலே போட்டியிடும் பிரிவினருக்கு இத்தரை வாய்க்கும். நண்பகல் வெயிலில் மேற்பரப்பு மட்டும் ஓர் அங்குல அளவுக்கு இளகும். அடியில் உள்ள மண்ணோ உறைந்தே கிடக்கும். இளகிய நீருக்குக் கீழே இறங்க வழியில்லை. ஆகவே பாறைமீது எண்ணெய் பூசியதுபோல் ஒரு வழுக்கற் படலம் தங்கும். காலையில் ஓடியவர் சொன்ன அறிவுரை பிற்பகலில் ஓடுபவருக்குப் பயன்படாமற் போவது இதனாலேதான். ஒரே நாளில், ஒரே பாதையில், இரண்டு வெவ்வேறு போட்டிகள் நடைபெறுகின்றன என்று சொன்னாலும் பிழையில்லை.

ரயரிலுள்ள காற்று பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். போட்டிக்கு வருபவர் யாவரும் தொடக்கத்துக்கு முன் அதைப் பற்றியே பேசிக்கொள்வர். தெருவோட்டத்தில் ரயரைக் கல்போல இறுக்கிக் காற்றடைப்பது நெடுங்கால வழக்கம். சேற்றிலே அது உதவாது. காற்றுக் குறைந்தால் ரயர் தரையில் தட்டையாகப் படிந்து அதிக இடத்தைப் பற்றும். அதனாற் சதுர அங்குலத்துக்கு 20 முதல் 25 இறாத்தல் அளவிலேயே பலரும் காற்றடைப்பர். அதற்கும் குறைத்தால், வேரிலோ உறைந்த விளிம்பிலோ மோதும்போது ரயர் முழுதும் நசுங்கி வட்டகை தரையில் இடிக்கும். உள்ளே ரியூப் இருந்தால் பாம்பு தீண்டியதுபோல் இரண்டு துளைகள் விழும். ஆகவே பிடிமானத்துக்கும் உடைவுக்கும் இடையிலுள்ள வெளி மிகச் சிறியது.

இந்த இடத்திலே குளிர் ஒரு சூழ்ச்சி செய்கின்றது. வாயுவின் அமுக்கம் வெப்பநிலையோடு சேர்ந்து இறங்கும் என்பது பௌதிகம் கற்ற மாணவர் அறிந்தது. 20 பாகை வெப்பமுள்ள சமையலறையில் நின்றுகொண்டு ஒருவர் 24 இறாத்தல் காற்றடைத்தார் என்று வைத்துக்கொள்க. வெளியே சுழியப் பாகையிலே அந்த வண்டி சிறிது நேரம் நின்றதும், ஒரு துளி காற்றும் வெளியேறாமலே, அளவுமானி 21-க்குச் சற்று மேலேதான் காட்டும். ஏறத்தாழ 7 நூற்றுவீதம் என்பது வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்த மொத்த அமுக்கத்தில் ஏற்படும் குறைவு. மானி காட்டும் சிறிய எண்ணிலே அது பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகத் தெரியும். நல்ல தரையில் இதனால் ஒன்றும் நேராது. உறைந்த தடங்களின்மேல் ஓடும்போது, அந்த இரண்டரை இறாத்தல்தான் போட்டியை முடிப்பவரையும் வண்டியை உருட்டிக்கொண்டு வீடு திரும்புபவரையும் பிரிக்கின்றது. ஆதலின் அனுபவமுள்ளவர் மைதானத்துக்கு வந்து, வண்டியை வெளியே நிறுத்தி, அதன்பின்னரே காற்றை அளப்பர்.

வண்டியைத் தூக்கி ஓடுவதும் வெறும் வலிமையன்று. சங்கிலி வலப்புறம் இருப்பதனால் இடப்புறமே இறங்குவர். வலக்காலைப் பின்புறமாக எடுத்து, இரு கால்களுக்கும் வண்டிக்கும் இடையே சரியான வெளி விட்டு, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிலத்தில் அடி வைத்தல் வேண்டும். பலகைகளுக்கு வண்டியைக் கையாற் சிறிது உயர்த்தினாற் போதும். படிக்கட்டுக்கும் நெடும் மேட்டுக்கும் மேற்சட்டத்தைத் தோளில் ஏற்றிக்கொள்வர். மீண்டும் ஏறும்போது தாவி இருக்கையில் அமர்வர். சப்பாத்தின் அடியிலே மிதியைப் பற்றிக்கொள்ளும் கொளுக்கி ஒன்று உண்டு. அதிற் சேறும் பனிக்கட்டியும் அடைத்துவிட்டால் அது மிதியைப் பற்றாது. அப்போது மேட்டின் அடியில், பின்னால் வருவோர் கூச்சலிட, மிதியிலே காலை உதைத்து உதைத்துச் சேற்றை உதிர்க்கும் நிலை வரும். பார்வையாளருக்கு இது நல்ல வேடிக்கை.

நிலத்தைப் பற்றி இவ்வளவு சொன்னபின் உடலைப் பற்றியும் சொல்லவேண்டும். கடின உழைப்பில் தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே வண்டியை நகர்த்தப் பயன்படும். எஞ்சியது வெப்பமாக வெளிப்படும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்வரை உடம்பின் நடுப்பகுதி குளிர்வதில்லை; உறைபனி நாளிலும் வியர்க்கும். ஆனால் உடல் தன் உள்ளுறுப்புகளைக் காக்கும் நோக்கத்தோடு கைகால் விரல்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கின்றது. விரல்கள் முதலில் வலிக்கும், பின் மரத்துப்போகும், அதன்பின் ஏவியபடி மடங்கா. பற்களை மாற்றும் நெம்பையும் தடையையும் அழுத்தவேண்டியவை அவ்விரல்களே. தடித்த கையுறை அணிந்தால் நெம்பின் பிடி தெரியாது, மெல்லியது நனைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொருவரும் தமக்கேற்ற தீர்வொன்றைக் காண்பர். அத்தீர்வை மற்றவர் ஏளனம் செய்வர்.

விரல்கள் தடையை அழுத்த மறுத்துவிட்டால் அங்கே நிறுத்திக்கொள்வதே முறை. இதனைக் கோழைத்தனம் என்று கூறுவோர் உண்டு. விளையாட்டைப் பற்றி எழுதுவோர் சிலர் குளிரில் நடுங்கி விழும்வரை ஓடியவரை வியந்து போற்றுவதும் உண்டு. அத்தகைய போற்றுதல் தவறு. செங்குத்தான இறக்கத்தில் தடை பிடிக்க இயலாதவர் தமக்கு மட்டுமன்றி முன்னே செல்பவருக்கும் ஆபத்து விளைப்பவர். உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவதை மருத்துவர் ஒரு நோய்நிலையாகவே கணிப்பர். அந்நிலையை நெருங்குபவரின் பேச்சுக் குழறும், கால் தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, தமக்கு ஒன்றுமில்லை என்று அவரே சாதிப்பார். ஆகையினால், நிறுத்துவதா என்பதை அவரிடம் மட்டும் விட்டுவிடாது, உடன் வந்தவர்களும் பாதைக் காவலர்களும் கவனித்துக்கொள்கின்றனர்.

உண்மையான அபாயம் ஓட்டம் முடிந்த பின்னரே தொடங்குகின்றது என்பதும் பலருக்குத் தெரியாது. கால்கள் நின்றதும் உள்ளே எரிந்துகொண்டிருந்த அடுப்பு தணிந்துவிடுகின்றது. உடையோ வியர்வையாலும் சேற்றாலும் நனைந்திருக்கின்றது. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தவல்லது. பத்து நிமிடம் நின்று கதைத்தால் போதும், பற்கள் கிட்டத் தொடங்கும். பழகியவர் கோட்டைக் கடந்ததும் எவரோடும் பேசாது சென்று நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததை உடுப்பர், தலையை மூடுவர், அதன்பின்னரே தேநீர். மரத்துப்போன விரல்களில் இரத்தம் மீளும்போது உண்டாகும் வலி, போட்டியில் பட்ட எந்த வலியிலும் கொடியது என்பது அவர்கள் அனைவரதும் ஒருமித்த கருத்து.

கடைசிப் போட்டி நடைபெறுமா என்பதே சில ஆண்டுகளில் நிச்சயமில்லை. தரை முழுதும் உறைந்துவிட்டாலோ ஆழ்பனி விழுந்தாலோ அமைப்பாளர் போட்டியை நிறுத்திவிடுவர். மிக ஈரமாயிருந்தாலும் தடை வரலாம். நூறுபேர் பலமுறை உழுத பூங்கா மீண்டும் பச்சை பிடிக்க மாதங்கள் செல்லும். பெரிய போட்டிகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2013-ஆம் ஆண்டு உலகச் சம்பியன் போட்டி இரண்டு நாள்களுக்கு வகுக்கப்பட்டிருந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அது நடைபெற்றது அதுவே முதன்முறை. ஒகாயோ நதி பெருகி மைதானத்துள் நுழையும் என்று அறிந்ததும் அனைத்தையும் ஒரே நாளில், பெப்புருவரி 2-இல், நடத்தி முடித்தனர். 2015 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் நடைபெற்ற அமெரிக்கத் தேசியப் போட்டியின் கடைசி நாளன்று, மழையில் ஊறிய பூங்காவிலுள்ள பழைமையான மரங்களின் வேர்கள் சிதையும் என்று பூங்கா அதிகாரிகள் தடுத்தனர். எஞ்சிய ஓட்டங்கள் மறுநாள் திங்கட்கிழமைக்குத் தள்ளப்பட்டன. வேலைக்குத் திரும்பவேண்டிய அமெச்சூர்களுக்கு அது எத்தகைய சங்கடம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் மரங்களின் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

போட்டி நடைபெறுகின்றது என்றே கொள்வோர் இப்போது ஒருவரைத் தம் மனக்கண்ணிலே நிறுத்துக. அவர் நாற்பதைக் கடந்தவர், கந்தோரிலே கணக்கெழுதுபவர், செப்ரெம்பர் தொட்டு எல்லாப் போட்டிகளிலும் கலந்துகொண்டவர், எதிலும் முன்வரிசைக்கு வராதவர். அன்றைய ஓட்டம் 45 நிமிடம். முன்னணியில் இருப்பவர் ஒரு சுற்றுக்கு ஆறரை நிமிடம் எடுக்கின்றார்; நம்மவர் ஒன்பது நிமிடம். பாதி நேரம் கழிந்ததுமே முன்னணியாளர் இவரை ஒரு சுற்றால் முந்திச் சென்றுவிட்டார். உயர்தரப் போட்டியாக இருந்தால் இவ்வளவு பின்தங்கியவரை மத்தியஸ்தர் வெளியேற்றிவிடுவர். முன்னணியாளரின் முதற் சுற்று நேரத்தைவிட நூற்றுக்கு 80 பங்கு கூடுதலாகப் பின்தங்கியவரை நிறுத்துவதற்கு அங்கே விதி உண்டு. உள்ளூர்ப் போட்டிகளில் அவ்வாறு நிறுத்துவதில்லை. முன்னணியாளர் தம் கடைசிச் சுற்றைத் தொடங்கும்போது மணி அடிப்பர். அவர் முடிவுக் கோட்டைக் கடந்ததும் போட்டி முடிகின்றது. அதன்பின் கோட்டுக்கு வருபவர் எத்தனை சுற்று முடித்திருந்தாலும் அத்துடன் ஓட்டத்தை முடித்தவராவார்.

இவ்விதியிலே ஒரு நுட்பம் மறைந்திருக்கின்றது. முன்னணியாளர் ஏழு சுற்றுகளை நாற்பத்தைந்தரை நிமிடத்தில் முடிப்பார். நம்மவர் தம் ஐந்தாவது சுற்றை நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் முடிப்பார். அஃதாவது வெற்றி பெறுபவருக்கு அரை நிமிடம் முன்னதாக இவர் கோட்டுக்கு வந்து சேர்கின்றார். வெற்றியாளர் இன்னும் கோட்டைக் கடக்கவில்லை. ஆகவே இவருடைய ஓட்டமும் முடியவில்லை. கோட்டைக் கடந்தால், இன்னுமொரு முழுச் சுற்று, ஒன்பது நிமிடம், அந்தக் குளிரிலும் சேற்றிலும் ஓடியே ஆகவேண்டும். கோட்டுக்குச் சற்று முன்னர் ஓரமாக ஒதுங்கி, சப்பாத்திலுள்ள சேற்றைத் தட்டுவதுபோல் அரை நிமிடம் நின்றுவிட்டால், வெற்றியாளர் முந்திச் செல்வார். இவரும் அவர் பின்னாலே கோட்டைக் கடந்து தேநீருக்குப் போய்விடலாம். விதி இதனைத் தடுக்கவில்லை. இவ்வாறு நிற்பவர் பலர் உண்டு. அவர்களை எவரும் குறை கூறுவதில்லை; பார்வையாளர் கைகொட்டிச் சிரிப்பர், அவ்வளவே. ஈரிடம் ஓரிடம் பட்டியலில் மாறலாம், மாறாமலும் போகலாம். பரிசு எதுவும் இதனால் வருவதுமில்லை, போவதுமில்லை.

கைவிரல் மரத்தவர் நிற்கட்டும், அது அறிவுடைமை. விரல் மடங்குகின்றது, சில்லு சுழல்கின்றது, மூச்சு வாங்குகின்றது, ஆனால் களைத்துவிட்டது என்ற நிலையில் உள்ளவருக்குத்தான் அந்த அரை நிமிடம் கேள்வியாகின்றது. நான்கு மாதமாக ஞாயிறுதோறும் அதிகாலையில் எழுந்து வந்தவர் அவர். இனி அடுத்த போட்டி செப்ரெம்பரில்தான். மணியோசையும் வெற்றியாளரைக் கூவி அழைக்கும் ஒலிபெருக்கியும் பின்னாற் கேட்க, நிற்காமற் கோட்டைக் கடந்து செல்பவர் ஒவ்வொரு போட்டியிலும் சிலர் இருக்கின்றனர்.

அக்கடைசிச் சுற்று விசித்திரமானது. பார்வையாளர் வண்டித் தரிப்பிடத்தை நோக்கி நடந்துவிட்டனர். மேட்டின் உச்சியில் நின்று மணியாட்டிய சிறுவர்களும் இல்லை. பாதைக் காவலர் ஒருவர் கைகளைக் கக்கத்திற் செருகியவாறு, இவர் கடந்து போகும்வரை நாடாவை அவிழ்க்காமற் காத்துநிற்கின்றார். விரைந்து செல்லவேண்டிய கட்டாயம் இல்லாததனால், சேற்றில் எந்த வழி நல்லது என்பது இப்போதுதான் தெளிவாகத் தெரிகின்றது. இதுவரை ஓட்ட முடியாதிருந்த வளைவு ஒன்றை இறங்காமலே கடந்துவிடுகின்றார். அதைக் கண்டவர் எவருமில்லை. படிக்கட்டில் மட்டும் வண்டி முன்னையிலும் கனக்கின்றது. முடிவுக் கோட்டில் நேரக் கணக்கர் இருவர் குளிரைப் பொறுத்துக்கொண்டு தாளோடு காத்திருக்கின்றனர். இவருடைய எண்ணைக் குறித்து, ஆறு சுற்று என்று எழுதிய பின்னரே அவர்கள் மேசையை மடிக்கின்றனர்.

வீடு திரும்பியதும் வேலை முடிவதில்லை. சேறு உலருமுன் வண்டியைக் கழுவவேண்டும். உலர்ந்தால் அது மண்ணன்று, சீமெந்து. மணல் கலந்த சேறு தடைக்கட்டைகளைச் சில வேளைகளில் ஒரே போட்டியில் தேய்த்து முடித்துவிடும். மிதியச்சின் குண்டுகளிலும் நீர் புகுந்திருக்கும். அவற்றை அப்படியே விட்டுவைத்தால் வசந்தத்துக்குள் துருப்பிடித்து இறுகிவிடும். சங்கிலியைத் துடைத்து எண்ணெயிட்டு, தேய்ந்தவற்றை மாற்றி, ரயரின் காற்றை இறக்கி, வண்டியைக் கொட்டகையிலே கொளுவிவிடுவார். உடைகளை இருமுறை அலசிய பின்பும் நீர் கபிலநிறமாகவே வடியும்.